மேற்கே பார்த்த கம்பிகள்

கல்முனைக் கடற்கரையிலிருந்து பிதுருதாலகால மலை நேர்கோட்டில் ஏறக்குறைய 125 கிலோமீற்றர். இடையில் வயல் வட்டைகள், அம்பாறை நகரம், பிபிலைப் பக்கத்துக் குன்றுகள், அதற்கும் அப்பால் ஊவாவின் மலைத்தொடர். கண்ணுக்கு எட்டாத தூரம்தான். ஆனாலும் 1980-களில் மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை ஓட்டுக் கூரைகளுக்கும் கிடுகுக் கூரைகளுக்கும் மேலே ஏறி நின்ற அலுமினியக் கம்பிகள் அத்தனையும் கடலுக்கு முதுகு காட்டி அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தன. இலங்கையிலேயே உயரமான அந்த மலையின் உச்சி 2,524 மீற்றர். ரூபவாஹினியின் பிரதான அஞ்சல் நிலையம் அதன் மேலேதான் இருந்தது.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரலில், ஐ.ரி.என். நிலையத்தோடு. அதன் அலை கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. கிழக்குக் கரைக்கு அது பத்திரிகையில் வாசித்த செய்தி மட்டும். 1982 பெப்ரவரி 15-ல் ஜப்பானின் நன்கொடையாக ரூபவாஹினி வந்தபோதுதான், மலையுச்சியின் தயவில், நாட்டின் மறுகரைக்கும் படம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்றால் சும்மா வரவில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்படி இழுத்த காலத்தை இன்றும் ஒழுங்கு பிசகாமல் சொல்லக்கூடிய ஒருவர் சாய்ந்தமருதில் இருக்கிறார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. ரூபவாஹினி தொடங்கிய ஆண்டில் அவர் பாடசாலைப் பையன். மூத்த காக்கா சவூதியில் வேலை. வீட்டுக்கு டீவிப் பெட்டி வந்ததும் அந்த வழியாகத்தான்.

அந்தக் காலத்தில் கல்முனைப் பகுதியில் டீவி என்பது பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்து இறங்கும் சாமான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சவூதி அப்போது செக்காம் என்ற வண்ண முறையில் ஒளிபரப்பியது. இலங்கை பி.ஏ.எல். முறை. இரண்டும் தெரிந்த பெட்டி என்றால் வண்ணம் வரும். செக்காம் மட்டும் தெரிந்த பெட்டி இங்கே கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டும். ஆயிரக்கணக்கான மைல் சுமந்து வந்த கலர் டீவியில் கலர் இல்லாமல் முழித்த வீடுகள் மாஸ்டருக்கு நினைவிருக்கின்றன. அவருடைய காக்கா விசாரித்து வாங்கியிருந்தார். பெட்டி சரி. பெட்டிக்குப் படம் தரும் கம்பியைத்தான் யாரும் விசாரிக்கவில்லை.

முதல் நாள் அன்டனாவைக் கட்டியது வாப்பா. முற்றத்தில் ஒரு கமுக மரம் தறித்து, நுனியில் கட்டுக்கம்பியால் அன்டனாவை இறுக்கி, வீட்டுச் சுவரோடு நிமிர்த்தினார்கள். மரத்தைத் திருப்புவது வாப்பா, ஜன்னலில் நிற்பது பையன், டீவிக்கு முன்னால் உம்மா.

“மனே, வருகுதா?”

“இல்ல வாப்பா, புள்ளிதான்.”

“இப்ப?”

“ஆள் தெரியிது, அப்பிடியே உடுங்க!” என்று உள்ளிருந்து உம்மா கத்துவார். வாப்பா கையை எடுப்பார். ஆள் போய்விடும். “மறுகா திருப்புங்க” என்பார் உம்மா. இந்தப் பரிமாற்றம் ஊரில் ஒவ்வொரு வளவிலும் நடந்தது. மஃரிபுக்குப் பிறகு ஒழுங்கையில் நடந்தால் எந்த வீட்டில் படம் வருகிறது, எந்த வீட்டில் வரவில்லை என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

கமுக மரம் வெயிலில் முறுகி, மழையில் ஊறி, தானாகத் திரும்பும் குணம் கொண்டது. காலையில் மலையைப் பார்த்த கம்பி மாலையில் வேறெங்கோ பார்த்தது. சில மாதங்களில் வாப்பா கல்முனை பஸாரில் இருந்த ஒரு ரேடியோக் கடைக்குப் போனார், பையனையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரர் வயதானவர். ரேடியோ திருத்தியே கண்ணாடி தடித்தவர். வாப்பா கேட்டது, கம்பிகள் அதிகம் உள்ள பெரிய அன்டனா. அது கடையில் இருந்தது, விலையும் இருந்தது. கடைக்காரர் அதை எடுத்துக் காட்டவே இல்லை.

“கம்பிக்குக் காசக் கொட்டாதீங்க காக்கா. பைப்புக்குப் போடுங்க” என்றார்.

மாஸ்டர் பின்னாளில் பௌதிகம் படித்து அதைக் கணக்காகச் சரிபார்த்தார். ஜீ.ஐ. பைப் ஒரு நீளம் 20 அடி. இரண்டைப் பொருத்தினால் 40. உயரம் இரண்டு மடங்காகும்போது, மலை போன்ற தூரத்து நிலையத்திலிருந்து வரும் அலையின் வலு ஏறக்குறைய 6 டெசிபல் கூடலாம். அதாவது கம்பியில் பிறக்கும் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். அதே காசுக்கு அன்டனாவின் நீளத்தையும் கம்பிகளையும் இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் ஆதாயம் 3 டெசிபலைத் தாண்டுவது கடினம். தென்னந்தோப்புகளும் வீட்டுக் கூரைகளும் நெருங்கிய கரையோர ஊரில், தலைகளுக்கு மேலே ஏறிவிடுவதன் பயன் இந்தக் கணக்கைவிடவும் பெரிதாக இருந்தது. கடைக்காரருக்கு டெசிபல் தெரிந்ததோ இல்லையோ, ஊர்க் கூரைகள் தெரிந்திருந்தன.

வாப்பா இரண்டு பைப்பும், மூன்று பக்கம் இழுத்துக் கட்டக் கம்பியும், கடையிலேயே மலிவான ஐந்து கம்பி அன்டனாவும் வாங்கினார்.

அந்த ஐந்து கம்பியும் ஜப்பானியச் சரக்கு என்பது பையனுக்கு அப்போது தெரியாது. கம்பி எங்கே வார்க்கப்பட்டிருந்தாலும் அதன் வடிவம் ஜப்பானில் பிறந்தது. செண்டாய் நகரில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிதெட்சுகு யாகி என்ற இருவர் 1926-ல் அதை வெளியிட்டார்கள். யாகி 1928-ல் ஆங்கிலத்தில் எழுதியதால் உலகம் அவர் பெயரையே பிடித்துக்கொண்டது. வேலையின் பெரும்பங்கைச் செய்த உடாவின் பெயர் பின்னால் போனது. ஜப்பானில் அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, ஒரு பிரித்தானிய ராடார் வீரரின் குறிப்பேட்டில் ‘யாகி’ என்று கண்டு விழித்தது. கைதியிடம் விசாரித்தபோதுதான் அது தங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர் என்பது தெரிந்ததாம். நாற்பது வருடம் கழித்து அதே ஜப்பான் கொடுத்த நிலையத்தின் படத்தை, ஜப்பானியப் பெட்டியில் பார்க்க, சாய்ந்தமருது வளவில் யாகியின் கம்பிகள் ஏறி நின்றன.

அதன் வேலை எளிமையானது. நடுவில் இருக்கும் ஒரு கம்பிதான் அலையைப் பிடித்து வயருக்குக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் சற்று நீளமான ஒன்று, அலையைத் திருப்பி முன்னே தள்ளுகிறது. முன்னால் இருக்கும் சற்றுக் குட்டையான கம்பிகள் அலையை உள்ளே இழுத்துக் கொடுக்கின்றன. எல்லாம் அளவில் இருக்கிறது. 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரையான வி.எச்.எஃப். அலைப்பட்டைக்கு அரை அலைநீளம் 65 முதல் 86 சென்ரிமீற்றர் வரை. இரண்டு முழத்துக்குள் அடங்கும். ஒரு கம்பி வளைந்தாலோ, நுனி உடைந்தாலோ, அந்த ஒழுங்கு குலையும். காகம் வந்து உட்கார்ந்து வளைத்த கம்பியை நிமிர்த்தியே மாஸ்டரின் பையன் பருவத்தில் பாதி போனது.

இது தெரியாத ஊரில் வைத்தியங்கள் பெருகின. அலுமினியச் சட்டி மூடியை அன்டனாவில் தொங்கவிட்டால் படம் தெளியும் என்று ஒருவர் சொல்ல, ஒரு வாரத்தில் அந்த ஒழுங்கை முழுக்க மூடிகள் தொங்கின. அலுமினியம் என்பதற்காக எல்லாம் அலையை இழுக்காது. அளவில்லாத உலோகம் பக்கத்தில் இருந்தால் சில நேரம் கெடுக்கவும் செய்யும். ஆனாலும் மூடி தொங்கிய வீடுகளில் படம் தெளிந்ததாகவே சொன்னார்கள். மூடியைக் கட்ட ஏறியபோது அன்டனாவும் சற்றுத் திரும்பியிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு வீட்டில் அன்டனாவே வெளியில் தெரியாது. டீவி வைத்திருப்பது கூடுமா, கூடாதா என்று பள்ளிவாசல் திண்ணைகளில் பேசப்பட்ட காலம் அது. அந்த வீட்டு மூத்தாப்பாவுக்கு டீவியே பிடிக்காது. பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லாமல் முடியாது. கம்பியை ஓட்டுக் கூரைக்கு உள்ளேயே, வளைக்கு அடியில் கட்டினார்கள். படம் வந்தது. மண் ஓடு வி.எச்.எஃப். அலையை ஓரளவு உள்ளே விடும். மாரி மழையில் ஓடு ஊறியதும் படம் மங்கியது. அந்தக் கூரை தகரமாக இருந்திருந்தால் கோடையிலும் ஒன்றும் வந்திருக்காது.

திசை பிடிப்பதை மாஸ்டர் பாடசாலை அட்லஸில் செய்தார். கல்முனைக்கும் பிதுருதாலகாலவுக்கும் அடிமட்டத்தால் ஒரு கோடு, பாகைமானியால் ஓர் அளவு. நேர் மேற்கிலிருந்து 20 பாகை அளவுக்குத் தெற்கே சாய்ந்தது கோடு. பள்ளிவாசலின் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சாய்வது ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை அடையாளமாக வைத்து, அங்கிருந்து ஏறக்குறைய 45 பாகை தெற்கே திருப்பச் சொல்லிக் கொடுத்தார். திசைகாட்டி இல்லாத வீடுகளில் இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்தது. கடைசிச் சில பாகைகளுக்கு மட்டும் ஜன்னலில் ஆள் வேண்டியிருந்தது.

திருப்பி வைத்ததை அப்படியே இருக்க விடுவது காற்றின் கையில். ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து வீசும் கச்சான், முகத்தை அதே பக்கம் வைத்திருந்த அன்டனாக்களை உலுப்பித் திருப்பியது. மாரிக் காலத்து வாடை கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்தது. உப்பு வேலை செய்யும் இடம் மூட்டுகள். அலுமினியக் குழாயில் இரும்புப் போல்ட் போட்டால், இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உப்பு ஈரம் சேர்ந்து மின்கலம் போல அரிக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டும். வயர் பொருத்தும் சிறு பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் வெடித்து, உள்ளே ஈரம் போகும். மலையிலிருந்து 125 கிலோமீற்றர் வந்த அலை, கடைசி ஒரு அங்குலத்தில் பச்சை பிடித்த செம்புக் கம்பியில் நின்றுவிடும்.

வயரைப் பற்றியும் பஸார்க் கடைக்காரர் சொல்லித் தந்தார். அப்போது மலிவு, தட்டையான ரிப்பன் வயர். 300 ஓம். காய்ந்திருக்கும் வரை அதைப்போல இழப்புக் குறைந்த வயர் இல்லை. ஆனால் மழை பட்டாலும், உப்புப் படிந்தாலும், பைப்போடு ஒட்டிக் கட்டினாலும் கெட்டுப்போகும். பக்கத்துத் தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் படத்தில் கோடு விழும். வட்டமான கோஎக்சியல் வயர் 75 ஓம். விலை கூட. அன்டனாவோடு சேர்க்க ஒரு சின்ன மாற்றியும் தேவை. கடற்கரை வீட்டுக்கு அதுதான் தாங்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தால், மழைத்தண்ணீர் அந்த இடத்தில் சொட்டிவிடும், டீவிக்குள் போகாது. இந்த வளைவுக்குச் செலவே இல்லை.

பூஸ்டர் வந்தது அதற்குப் பிறகு. விற்றவர்கள் அதை டீவிக்குப் பின்னாலேயே பொருத்திக் கொடுத்தார்கள், வசதிக்காக. பூஸ்டர் படத்தை மட்டும் தேடிப் பெருக்குவதில்லை. வயரில் வந்து சேரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நீண்ட வயரில் தேய்ந்து வந்த அலையைக் கடைசியில் பெருக்கினால் புள்ளியும் பெருகும். அதை அன்டனாவுக்குப் பக்கத்தில், பைப்பின் உச்சியில் வைத்தால் மட்டும், வயரின் இழப்பை ஈடுகட்டும். உச்சியில் வைத்ததற்கோ உப்பும் இடியும் இரண்டும் எதிரி.

போர் வந்த பிறகு கூரையில் ஏறுவதே யோசிக்க வேண்டிய காரியமானது. ஊரடங்கு வேளையில், கையில் டோர்ச் லைட்டோடு, உயரத்தில் நிற்பவரைப் பார்ப்பவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். மின்சாரமும் நம்பிக்கையில்லை. சின்னக் கறுப்பு வெள்ளை டீவியைக் கார் பற்றரியில் ஓட்டிய வீடுகள் ஏராளம். பகலில் சார்ஜ் பண்ணும் கடைக்குப் பற்றரி சைக்கிளில் போய் வரும். அந்த டீவியில்தான் ஊர்ப் பெண்கள் ஜப்பானிய ‘ஓஷின்’ தொடரைச் சிங்களக் குரலில் பார்த்துக் கண்கலங்கினார்கள். மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் மாமியார் கொடுமை புரிந்தது. தமிழுக்கு ரூபவாஹினி ஒதுக்கிய நேரம் குறைவு. யாழ்ப்பாணத்தார் தூர்தர்ஷனில் தமிழ்ப்படம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கேயும் சிலர் அன்டனாவை வடக்கே திருப்பிப் பார்த்தார்கள். 1995-ல் ராமேஸ்வரத்தில் 323 மீற்றர் கோபுரம் எழுந்த பிறகும் கிழக்கின் தெற்குக் கரைக்கு அது எட்டவில்லை. அந்த உயரத்துக்கு அலையின் அடிவானம் ஏறக்குறைய 75 கிலோமீற்றர்; கல்முனையோ 350 கிலோமீற்றர் அளவு தூரம். யாழ்ப்பாணத்துக்கு ராமேஸ்வரம் பக்கம். கல்முனைக்கு மலைதான் பக்கம்.

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அன்று காலையிலிருந்தே சாய்ந்தமருதுக் கூரைகளில் ஆள். சுவரில் சாத்திய ஏணிகள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு இரவல் போயின. மாஸ்டர் அப்போது ஆசிரியர்; மாணவர்கள் வந்து கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய்த் திசை பார்த்துக் கொடுத்தார். இலக்கு 242. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட் வெற்றி. எந்த வீட்டில் படம் நன்றாக வந்ததோ அந்த வீட்டு முற்றத்துக்கு டீவி இறங்கியது. நாற்பது அடிப் பைப் வைத்திருந்த வாப்பாவின் வளவில் நிற்க இடமில்லை.

பிறகு அலைவரிசைகள் பெருகின. 1998-ல் சக்தி டீவி வந்தபோது, நாள் முழுக்கத் தமிழ் என்பது முதல் முறையாகச் சாத்தியமானது. ஆனால் தனியார் நிலையங்கள் பெரும்பாலும் யூ.எச்.எஃப். அலைப்பட்டையில். அதன் அரை அலைநீளம் ஒரு அடிக்குக் கிட்டவும் அதற்குக் குறைவும். பழைய நீளக் கம்பிகள் அதற்குச் சரிப்படவில்லை. குட்டைக் கம்பிகள் வரிசையாக அடுக்கிய, பின்னால் கம்பிவலை போன்ற தடுப்பு வைத்த அன்டனாக்கள் கடைகளில் தொங்கின. சிலர் அதை மட்டும் வாங்கி ஏற்றி, ரூபவாஹினி மங்கிவிட்டது என்று முறைப்பட்டார்கள். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நான் பார்க்கும் நிலையம் எந்தப் பட்டையில், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான். அதைப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தே பாதி அறிந்துவிடலாம்.

2004 டிசம்பர் 26-ல் கடல் வந்தபோது, மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் வரிசை வரிசையாகப் போயின. மாஸ்டரின் வாப்பா நட்ட பைப்பும் போனது. தற்காலிகக் கொட்டில்களுக்கு டீவிகள் திரும்பி வந்தபோது, தகரக் கூரைக்குக் கீழே உட்புற அன்டனாக்கள் உதவவில்லை. தகரம் அலையை நிறுத்திவிட்டது. இடிபாட்டில் கிடைத்த பைப், வளைந்த கம்பி, புதிதாக ஒரு துண்டு வயர் என்று சேர்த்து, கொட்டிலுக்கு வெளியே ஒன்றை நட்டார்கள். அந்த வாரங்களில் ஊர் பார்த்தது செய்தி மட்டும்தான்.

அடுத்து வந்த வருடங்களில் டயலொக் டீவியின் செய்மதித் தட்டுகள் கூரைகளைப் பிடித்தன. மாதச் சந்தாவுக்கு எத்தனையோ அலைவரிசை, புள்ளி இல்லாத படம். 2009-ல் தொடங்கிய வசந்தம் டீவியையும் பலர் தட்டிலேயே பார்த்தார்கள். பைப்புகள் உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்குத் தூணாகின.

2022-ல் நாடு முடங்கியது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வீடுகளில் தட்டின் சந்தா முதலில் நின்றது. மாஸ்டரின் மருமகன் ஒரு நாள் பஸாரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். கடையில் ‘டிஜிட்டல் அன்டனா’ என்று ஒன்று, பெட்டியில் எச்.டி. என்று அச்சடித்து, சாதாரணத்தைவிட இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களாம். வாங்கவா மாமா?

அன்டனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது என்றார் மாஸ்டர். அது அலையைப் பிடிப்பது மட்டும்; பிரித்துப் பார்ப்பது டீவியின் வேலை. இலங்கை 2014-ல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஜப்பானியக் கடனும் பேசி முடித்தது. திட்டம் இழுபட்டுக்கொண்டே போனது. அது வரும்போதும் யூ.எச்.எஃப். கம்பி அதே கம்பிதான். மாறுவது ஒன்று: புள்ளி விழுந்தாலும் ஆளை அடையாளம் காணும் பழைய சலுகை இருக்காது. டிஜிட்டல் படம் வந்தால் முழுதாக வரும், வலு குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்போது உயரமும் நல்ல வயரும் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

“அப்ப எத வாங்க?” என்றான் மருமகன்.

கம்பி தடிப்பாக இருக்கிறதா, கையால் அழுத்தினால் வளைகிறதா, வயர் பொருத்தும் பெட்டிக்கு மூடி இறுக்கமா, போல்ட் துருப்பிடிக்காததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் மாஸ்டர். நீளக் கம்பியும் குட்டைக் கம்பியும் சேர்ந்த, விலை குறைந்த ஒன்றைத் தெரிந்தெடுக்க வைத்தார். மிச்சக் காசை எண்ணச் சொன்னார். கோஎக்சியல் வயருக்கு முதலில் ஒதுக்கி, மீதிக்கு ஜீ.ஐ. பைப் கேட்கச் சொன்னார். ஒரு நீளம்தான் வாங்க முடிந்தது. இன்னொன்றுக்கு வளவில் உடுப்புக் கயிறு கட்டியிருந்த பழைய பைப் இருந்தது. ராத்தாவிடம் கேட்டு, உடுப்பையெல்லாம் எடுத்துவிட்டு, அதைக் கழற்றி வைக்கும்படி சொல்லித் தொலைபேசியை வைத்தார். ராத்தா அன்று மாலை வரை உடுப்பை எடுக்கவில்லை.